சீசன் கடைசிப் போட்டிக்கு முந்தைய மூன்று வாரம்: இளம் நீச்சல் வீரர்களுக்கு டேப்பர் செய்வது எப்படி

மாநிலப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் என்றதும் பல குளங்களில் இரண்டில் ஒன்று நடக்கிறது. பதற்றத்தில் பயிற்சியைக் கூட்டிவிடுகிறார்கள். காலையில் ஐயாயிரம் மீட்டர், மாலையில் நாலாயிரம் என்று ஓடுகிறது. இல்லையென்றால் "பிள்ளைக்கு ரெஸ்ட் வேணும்" என்று நான்கைந்து நாள் குளத்துப் பக்கமே விடுவதில்லை. இரண்டுமே டைமிங்கைக் கெடுக்கும். மூன்று வாரத்தில் புதிதாக உடல்திறன் சேராது. ஆறேழு மாதம் சேர்த்து வைத்ததை மூடிக் கிடக்கும் களைப்பை மட்டும் அந்த நாட்களில் எடுத்துவிடலாம். அதைச் செய்வதற்குப் பெயர்தான் டேப்பர்.

எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. 2000 சிட்னி ஒலிம்பிக்கிற்கு முந்தைய கடைசி மூன்று வாரத்தை அளந்த ஆய்வில், நீச்சல் வீரர்களின் டைமிங் சராசரியாக ஏறத்தாழ 2.2 விழுக்காடு முன்னேறியது. 100 மீட்டரை 1:05-இல் நீந்தும் பிள்ளைக்கு அது 1.4 விநாடி. ஆனால் அந்த வீரர்கள் நாளுக்கு இரண்டு வேளை நீந்திக் களைத்தவர்கள். வாரத்துக்கு ஐந்து நாள், தலா ஒரு மணி நேரம் நீந்தும் பிள்ளையிடம் எடுப்பதற்கு அவ்வளவு களைப்பு இருக்காது. அந்தப் பிள்ளையின் டைமிங் டைவிலும், சுவரில் திரும்பும் டர்னிலும்தான் குறையும்.

வயதுக்கு ஏற்ற நாட்கள்

பெரியவர்களுக்கு எழுதிய டேப்பர் அட்டவணையை அப்படியே பத்து வயதுப் பிள்ளைக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சிறு பிள்ளைகளின் பயிற்சிச் சுமை குறைவு, களைப்பிலிருந்து மீளும் வேகம் அதிகம். தண்ணீரைக் கையால் பிடிக்கும் உணர்வையோ அவர்கள் சீக்கிரம் இழந்துவிடுவார்கள். பத்து நாள் பாதித் தூரம் நீந்தினால் ஸ்ட்ரோக் தளர்ந்துபோய்த்தான் வந்து நிற்பார்கள்.

11 வயதுக்குள் என்றால் கடைசி 2 முதல் 4 நாள் குறைத்தால் போதும். 12 முதல் 14 வரை 7 முதல் 10 நாள். வாரத்துக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் நீந்துபவராக இருந்தால் இரண்டு வாரம். 15 முதல் 17 வயதுக்காரர்கள், அதிலும் ஜிம்மில் எடை தூக்குபவர்கள், இரண்டு வாரம் முழுதாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே வயதில்கூட 50, 100 மீட்டர் ஸ்ப்ரிண்டருக்கு நாட்கள் கூடுதலாக வேண்டும். தசை பருத்தவர்கள் மெதுவாகத்தான் களைப்பை விடுவார்கள். 400, 800, 1500 நீந்துபவருக்கு ஒரு வாரம் போதும், தூரத்தையும் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறக்க வேண்டாம்.

வளர்ச்சி வேகமாக இருக்கும் ஆண்டில் எந்த டேப்பரும் கணக்குப்படி நடக்காது. மூன்று மாதத்தில் நான்கு சென்டிமீட்டர் உயர்ந்த பிள்ளைக்குக் கை கால் நீளமே புதிது. ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக்கின் நேரமும் பட்டர்ஃப்ளையின் இரண்டாவது கிக்கும்தான் முதலில் குழம்பும். அப்போது டைமிங் நின்றுபோனால் பயிற்சித் திட்டத்தைப் பழிக்க வேண்டாம்.

குறைக்க வேண்டியது தூரம் மட்டும்

டேப்பர் ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த விதி எளிமையானது: இரண்டு வாரம், மொத்தத் தூரத்தில் 41 முதல் 60 விழுக்காடு வரை குறைப்பு, வேகத்தில் கை வைக்காதே, பயிற்சி நாட்களையும் குறைக்காதே. பெரும்பாலான குளங்களில் இது தலைகீழாக நடக்கிறது. "லேசா நீந்தட்டும்" என்று வேகமான செட்களை எடுத்துவிட்டு, மெதுவான மூவாயிரத்தை வைத்துக்கொள்கிறார்கள். போட்டி வேகத்தில் நீந்தாத நரம்பும் தசையும் அந்த வேகத்தை மறந்துவிடும். முதல் 50-ஐ எந்த வேகத்தில் எடுப்பது என்று தெரியாமல் பிள்ளை பாய்ந்து, 70 மீட்டரில் செத்துப்போகும்.

ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொள்வோம். 14 வயது, 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் 1:04, இலக்கு 1:03. வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 4,500 மீட்டர், ஆக 27 கிலோமீட்டர். இலக்கைப் பிரித்தால் முதல் 50 மீட்டர் 30.5, இரண்டாவது 50 மீட்டர் 32.5. டைவ் இருப்பதால் முதல் பாதி எப்போதும் வேகமாகத்தான் இருக்கும். இந்த வயதில் இரண்டு விநாடி வித்தியாசம் நல்ல பேஸ். நான்கு விநாடி வந்தால் பிள்ளை முதல் பாதியில் ஏமாந்துவிட்டது. இரண்டாவது பாதியின் வேகத்தை 25 மீட்டருக்குக் கணக்கிட்டால் 16.2 விநாடி. இனி எல்லா வேகச் செட்டும் இந்த எண்ணைச் சுற்றித்தான்.

முதல் வாரம், அதாவது போட்டிக்கு 14 முதல் 8 நாள் முன்: 3,800, 3,500, 3,500, 3,200, 3,000, 2,800. மொத்தம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். இரண்டாவது வாரம்: 2,600, 2,400, 2,400, 2,000, 1,600, 1,200. மொத்தம் 12 கிலோமீட்டர் சொச்சம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வழக்கம்போல. அதைப் போட்டிக்கு முந்தைய நாளில் வைக்காதீர்கள். முழு நாள் தண்ணீரில் இறங்காமல் மறுநாள் போட்டிக் குளத்தில் குதித்தால் பல பிள்ளைகளுக்கு உடம்பு மந்தமாக இருக்கும்.

இந்தத் தூரத்துக்குள் வேகத்தை எங்கே வைப்பது?

12 நாள் முன்: 16 முறை 25 மீட்டர், சுவரை உதைத்துத் தொடங்கி 16.2-இல். நான்கு நான்காகப் பிரித்து, 45 விநாடிக்கு ஒன்று. ஒவ்வொரு நான்குக்கும் பின் 100 மீட்டர் மெதுவாக. 16.8-க்கு மேல் இரண்டு தொடர்ந்து வந்தால் செட்டை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மீதியைத் "தாங்கி முடிக்கட்டும்" என்பது சீசன் நடுவில் சரி, இப்போது வேண்டாம்.

9 நாள் முன்: உடைத்த 100, இரண்டு முறை. டைவ் செய்து 25, பத்து விநாடி ஓய்வு, இப்படி நான்கு. மொத்த நேரத்திலிருந்து 30 விநாடியைக் கழித்தால் வருவது போட்டி நேரத்தைவிடச் சற்று வேகமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 400 மீட்டர் மெதுவாக. இதே வாரத்தில் ஒரு நாள் 6 முறை 100 மீட்டர், 15 விநாடி ஓய்வில், மூச்சு வாங்கினாலும் ஸ்ட்ரோக் கெடாத வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 200 மீட்டரும் நீந்தும் பிள்ளைக்கு இது தேவை.

5 நாள் முன்: உடைத்த 100 ஒன்றே ஒன்று. அதன்பின் நான்கு 25, போட்டி வேகத்தில்.

3 நாள் முன்: டைவிலிருந்து 15 மீட்டர் முழு வேகம், நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிடம். பிறகு டைவிலிருந்து ஒரு 50, சரியாக 30.5-இல். 29.5 வந்தால் பாராட்டாதீர்கள். ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு முறை சரியான வேகத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

முந்தைய நாள்: 1,200-க்குள். இரண்டு டைவ், இரண்டு 25. கூட்டம் முண்டியடிக்கும் குளத்தில் அதற்குமேல் எதுவும் நடக்காது.

கையில் மாட்டும் பிளாஸ்டிக் தகடான பேடிலை 8 நாள் முன்பே பையில் போட்டுவிடுங்கள். அது தோளுக்குச் சுமை. வெறுங்கையால் தண்ணீரைப் பிடிக்கும் உணர்வையும் மாற்றிவிடும். கடுமையான கிக் செட்களையும் அப்போதே விட்டுவிடலாம், கால்கள்தான் கடைசியில் களைப்பு விடுபவை. ஜிம்மில் கனமான எடையைப் பத்து நாள் முன் நிறுத்தி, மெடிசின் பந்து, இரண்டு மூன்று செட் குதிப்பு என்று நான்கு நாள் முன்வரை லேசாக வைத்திருங்கள்.

டேப்பரின் நான்காவது, ஐந்தாவது நாளில் பிள்ளை வந்து "தண்ணி கனமா இருக்கு, கை இழுக்கவே மாட்டேங்குது" என்று சொல்லும். ஓய்வு கிடைக்கத் தொடங்கியதும் பலருக்கு இந்த மந்தம் வரும்; இரண்டு மூன்று நாளில் போய்விடும். இந்த இடத்தில்தான் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். "ஒரு தடவை முழு நூறு போட்டுப் பார்த்துடலாம்" என்று ஸ்டாப்வாட்ச்சை எடுப்பார்கள். டைமிங் மோசமாக வரும். அடுத்த பத்து நாளும் பிள்ளை தலையில் அந்த எண்தான் ஓடும். டேப்பர் தொடங்கிய பிறகு முழுத் தூர டைம் ட்ரையல் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு விபரீதம்: ஓய்வால் தெம்பு திரும்பிய பிள்ளை அதை வேறெங்காவது செலவழிக்கும். தெருவில் கிரிக்கெட், மாலையில் பேட்மின்டன், மாடிப்படியில் ஓட்டம். போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது கணுக்கால் பிசகுவது இப்படித்தான்.

25 மீட்டரில் பழகி 50 மீட்டரில் போட்டியிடுவது

தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பலர் பள்ளி, கிளப், அடுக்குமாடிக் குடியிருப்புக் குளங்களில் 25 மீட்டரில் பழகுகிறார்கள். போட்டி வேளச்சேரி போன்ற 50 மீட்டர் குளத்தில். சிறிய குளத்தில் 100 மீட்டருக்கு மூன்று டர்ன், பெரியதில் ஒன்று. சுவரை உதைத்து இலவசமாகக் கிடைக்கும் வேகம் இரண்டு முறை குறைகிறது. இந்த வயதில் 100 மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டரை விநாடி கூடுவது இயல்பு. பெற்றோருக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள்.

நேர வித்தியாசம் பெரிய சிக்கலே இல்லை. பழகிய இடத்தில் சுவர் வராததுதான் சிக்கல். 25 மீட்டரைத் தாண்டியதும் ஸ்ட்ரோக் குட்டையாகி, எண்ணிக்கை ஏறி, தலை தூக்கி முன்னால் பார்க்கும். இதற்குக் கடைசி மூன்று வாரத்தில் மூன்று நான்கு முறையாவது பெரிய குளத்தில் நீந்த வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் சிறிய குளத்திலேயே ஒரு உபாயம்: 100 மீட்டர் நீந்தும்போது சுவரைத் தொடாமல், சுவருக்குச் சற்று முன்னால் குளத்துக்கு மேலே குறுக்காகக் கட்டிய கொடிக் கயிற்றுக்குக் கீழேயே திரும்பி, உதைப்பே இல்லாமல் மறுபடி வேகம் எடுக்கச் சொல்லுங்கள். 4 முறை செய்தாலே பெரிய குளத்தின் நடுப்பகுதி எப்படி இருக்கும் என்று தோளுக்குப் புரியும். ஒவ்வொரு 25-க்கும் ஸ்ட்ரோக்கை எண்ணி, கடைசி 25-இல் இரண்டுக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வது இலக்கு.

டைமிங் பற்றி இன்னொன்று. குளக்கரையில் கையால் எடுக்கும் ஸ்டாப்வாட்ச் நேரம், மின்னணு நேரத்தைவிட ஏறத்தாழ 0.2 விநாடி குறைவாகவே காட்டும். ஒலி கேட்டு விரல் அழுத்தும் தாமதம் அது. அப்பா மொபைலில் எடுத்த 29.9-ஐ வைத்துக்கொண்டு, போட்டியில் 30.1 வந்ததற்குப் பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை. தொட்டதும் நேரத்தைப் பதியும் மின்னணு டச் பேட் சுவரில் இருக்கும் குளத்தில் கையை மென்மையாக வைத்தால் பதிவாகாமல் போகலாம். கடைசி 5 மீட்டரில் மூச்சு எடுக்காமல், விரல் நுனியால் சுவரைக் குத்துவதுபோல் முடிக்கப் பழக்குங்கள்.

டிஸ்குவாலிஃபை ஆகாமல் இருக்க

ஆறு மாத உழைப்பு ஒரு நடுவரின் கை உயர்ந்தால் போய்விடும். சிறு வயதுப் பிரிவுகளில் இது நிறையவே நடக்கிறது. தூரம் குறைந்ததால் கிடைக்கும் நேரத்தை இதற்குச் செலவிடுங்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம். நடுவர் இடத்தில் நீங்களே நின்று பாருங்கள்.

ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை இரண்டிலும் டர்னிலும் முடிவிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து தொட வேண்டும். களைத்த பிள்ளை ஒரு கையை முன்னால் நீட்டிவிடும். பயிற்சியில் மெதுவாக நீந்தும்போதும் ஒற்றைக் கையால் தொட்டுத் திரும்பும் பழக்கத்தை அனுமதித்தால் போட்டியில் அதுதான் வரும். ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் டைவுக்கும் ஒவ்வொரு டர்னுக்கும் பின் இரண்டு காலையும் சேர்த்து அடிக்கும் டால்ஃபின் கிக் ஒரே ஒன்றுதான், அது முதல் ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக்குக்கு முன் வர வேண்டும். இரண்டாவது ஸ்ட்ரோக்கின் மிக அகலமான இடத்தில் கைகள் உள்ளே திரும்புவதற்குள் தலை நீருக்கு மேலே வந்திருக்க வேண்டும். பட்டர்ஃப்ளையில் கடைசிப் பத்து மீட்டரில் கால்கள் தனித்தனியாக அடிக்கத் தொடங்குகின்றனவா என்று பின்னாலிருந்து பாருங்கள். பக்கவாட்டில் நின்றால் தெரியாது.

பேக்ஸ்ட்ரோக் டர்னில் நெஞ்சுப் பக்கம் புரண்டதும் ஒரே தொடர்ச்சியான கை இழுப்போடு டர்ன் தொடங்கிவிட வேண்டும். சீக்கிரம் புரண்டுவிட்டு சுவருக்காகக் காத்து மிதக்கும் பிள்ளைதான் இங்கே மாட்டுகிறது. மருந்து, கொடியிலிருந்து எண்ணுவது. கொடி சுவரிலிருந்து 5 மீட்டரில் இருக்கும். இந்த வயதில் நான்கு முதல் ஆறு ஸ்ட்ரோக். போட்டிக் குளத்தில் முதல் வேலையாக இதை வேகத்தில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மெதுவாக நீந்தினால் எண்ணிக்கை மாறிவிடும். கூரை இல்லாத குளத்தில் வானத்தைப் பார்த்து நேராக நீந்துவது தனி வித்தை; லேன் கயிற்றை ஓரக்கண்ணால் பிடித்துக்கொள்ளப் பழக வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக்கையும் ஒரே பந்தயத்தில் நீந்தும் ஐ.எம். பிள்ளைகள் பேக்ஸ்ட்ரோக்கிலிருந்து ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு மாறும்போது மல்லாந்த நிலையிலேயே தொட வேண்டும். வழக்கமான பேக்ஸ்ட்ரோக் டர்ன் போட்டால் காலி. ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக் தவிர மற்ற மூன்றிலும் டைவ், டர்னுக்குப் பின் 15 மீட்டருக்குள் தலை மேலே வர வேண்டும். லேன் கயிற்றில் அந்த இடத்தில் வேறு நிற மிதவை இருக்கும். நம் பிள்ளைகளில் பலருக்குச் சிக்கல் இதற்கு எதிர்ப்பக்கம்: ஆறு மீட்டரிலேயே மேலே வந்துவிடுகிறார்கள். நீருக்கடியில் நான்கைந்து கிக்கோடு பத்து மீட்டர் போக முடிந்தால் அதுவே பாதி விநாடி லாபம்.

ஸ்டார்ட்டை விசிலோடு பழகுங்கள். தொடர் குறுவிசில்கள் வந்தால் உடையைக் கழற்றித் தயாராக வேண்டும். நீண்ட விசிலுக்கு, குதிக்கும் மேடையான பிளாக்கில் ஏற வேண்டும். பேக்ஸ்ட்ரோக் என்றால் தண்ணீரில் இறங்கி, இரண்டாவது நீண்ட விசிலுக்குச் சுவருக்கு வர வேண்டும். "டேக் யுவர் மார்க்ஸ்" என்றதும் அசையாமல் நிற்க வேண்டும். ஒலிக்கு முன் கிளம்பினால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பயிற்சியில் எப்போதும் ஒரே இடைவெளியில் விசில் ஊதினால் பிள்ளை தாளத்துக்குக் குதிக்கப் பழகிவிடும். சில முறை ஒரு விநாடி, சில முறை மூன்று விநாடி என்று மாற்றுங்கள்.

ரிலேயில், முன்னவர் சுவரைத் தொடும் முன் அடுத்தவரின் கால் பிளாக்கை விட்டுவிடக் கூடாது. கடைசி வாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஆறு எட்டு மாற்றங்கள் வேண்டும், அதுவும் முன்னவர் வேகமாக வந்து முடிக்கும்போது. மெதுவாக வருபவரைப் பார்த்துப் பழகினால் போட்டியன்று கணக்குத் தப்பும்.

சாப்பாடு, தூக்கம், மருந்து

6 முதல் 12 வயதுவரை 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம், அதற்குமேல் 8 முதல் 10. காலை ஐந்து மணிப் பயிற்சியை டேப்பரில் ஆறரைக்குத் தள்ள முடிந்தால் அதைவிட நல்ல உதவி இல்லை. ஆனால் போட்டி வார்ம்-அப் ஏழு மணிக்கு என்றால் கடைசி நான்கு நாள் அந்த நேரத்துக்கே உடம்பைப் பழக்குங்கள்.

தூரம் பாதியானாலும் சாப்பாட்டைப் பாதியாக்க வேண்டாம். தசையில் சர்க்கரைச் சேமிப்பு நிரம்புவது இந்த நாட்களில்தான். பொரித்ததையும் நொறுக்குத் தீனியையும் மட்டும் விடுங்கள். போட்டியன்று இரண்டரை, மூன்று மணி நேரம் முன்பு 4, 5 இட்லி, கொஞ்சம் சட்னி, ஒரு வாழைப்பழம். 40 கிலோ பிள்ளைக்கு இது தாராளம். பூரி, நெய்ப் பொங்கல், வடை வயிற்றில் கிடந்து மந்தமாக்கும். போட்டிகளுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பழம், இரண்டு மூன்று பேரீச்சம்பழம், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தால் தயிர் சாதமோ எலுமிச்சைச் சாதமோ ஒரு கிண்ணம். பந்தயத்துக்குப் பத்து நிமிடம் முன்பு குளுக்கோஸ் பொடியைக் கை நிறைய வாயில் கொட்டுவது நம் ஊர் வழக்கம். ஒரு நிமிடப் பந்தயத்துக்கு அது எதையும் சேர்க்காது. தண்ணீரில்லாமல் விழுங்கிய பொடி வயிற்றைப் பிரட்டும்.

தேசியப் போட்டிக்கான பயணம் தனிக் கவலை. 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளின் சப்-ஜூனியர், ஜூனியர் போட்டிகள் புவனேஸ்வர் கலிங்கா வளாகத்தில் நடந்தன. சென்னையிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 20 மணி நேரம். அத்தகைய பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேருங்கள். மூடிய பாட்டில் தண்ணீர், வீட்டில் கட்டிய புளிசாதம், ஏ.சி. பெட்டியில் போர்த்திக்கொள்ள ஒரு ஜாக்கெட். இறங்கிய அன்றே 20 நிமிடம் நீந்தினால் கால் கனம் போகும்.

சளி, இருமல் வந்தால் மருந்துக் கடையில் சொல்லி வாங்கிவிடாதீர்கள். நம் கடைகளில் கிடைக்கும் பல இருமல் சிரப்புகளில் டெர்ப்யூட்டலின் இருக்கிறது. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் அது எல்லா நாளும் தடை செய்யப்பட்டது. மூக்கடைப்பு மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், போட்டி நாட்களில் அளவு மீறினால் சிக்கல். சால்ப்யூட்டமால் இன்ஹேலர் குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதி. எந்த மருத்துவரிடம் போனாலும் "நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, NADA) சோதனை வரலாம்" என்று முதலில் சொல்லுங்கள், சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். சிறுவர் என்பதால் சோதனையிலிருந்து விலக்கு இல்லை.

பெண் பிள்ளைகளின் மாதவிடாய்த் தேதியைச் சீசன் முழுக்கக் குறித்து வைத்திருந்தால் போட்டி வாரத்தில் யாரும் திடுக்கிட வேண்டியதில்லை. டாம்பனோ கப்போ பயன்படுத்துவதென்றால் ஒன்றிரண்டு மாதம் முன்பே பயிற்சியில் பழக வேண்டும். தள்ளிப்போடும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல், அதுவும் முதல் முறையாக, போட்டிக்கென்று கொடுக்காதீர்கள்.

பையும் உடையும்

நீச்சல் கண்ணாடி இரண்டு, இரண்டும் குறைந்தது ஐந்து டைவ் பார்த்தவை. திறந்தவெளிக் குளத்துக்கு ஒன்று கறுப்பு. டைவில் கண்ணாடி கழன்றால் பெரும்பாலும் தாடை தூக்கியிருப்பதுதான் காரணம், பட்டையை மட்டும் இறுக்கிப் பயனில்லை. விதி இரண்டு தொப்பியை அனுமதிக்கிறது: முதல் தொப்பி, அதன்மேல் கண்ணாடிப் பட்டை, அதன்மேல் இரண்டாவது தொப்பி. துண்டு மூன்று, செருப்பு, பிறப்புச் சான்றிதழ் அசல், ஆதார்.

விலையுயர்ந்த ரேஸிங் சூட் 12 வயதுக்குள் தேவையில்லை. அமெரிக்க நீச்சல் அமைப்பே 2020 முதல் அந்த வயதினருக்கு அதைத் தடை செய்துவிட்டது. பெரிய பிள்ளைகள் வாங்கினால் ஒரு முறையாவது அணிந்து நீந்திப் பார்க்கட்டும். மாட்டவே 15, 20 நிமிடம் ஆகும், ஈர உடம்பில் ஏறாது, நகம் பட்டால் கிழியும்.

போட்டி நாள்

வார்ம்-அப் ஏறத்தாழ 1,000 மீட்டர்: 300 மெதுவாக, 4 முறை 50 டிரில் (ஸ்ட்ரோக்கைத் திருத்தும் பயிற்சி), 4 முறை 50 கிக்கும் நீச்சலும், 4 முறை 25 வேகத்தைக் கூட்டிக்கொண்டே, 2 முறை 25 போட்டி வேகத்தில், டைவ் லேன் திறந்ததும் இரண்டு ஸ்டார்ட், கடைசியில் 100 மெதுவாக. டைவ் லேன் தவிர வேறெங்கும் குதிக்கக் கூடாது, கால் முதலில் இறங்க வேண்டும். கூட்டத்தில் தலைமேல் தலை விழுந்த காயங்கள் உண்டு.

வார்ம்-அப்புக்கும் பந்தயத்துக்கும் நடுவே 20 நிமிட இடைவெளி நல்லது. அதை 45 நிமிடமாக்கினால் 200 மீட்டரில் நேரம் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு கூடியதாக அளந்திருக்கிறார்கள். நம் போட்டிகளில் தொடக்க விழா, விருந்தினர் பேச்சு என்று இரண்டு மணி நேரம்கூடப் போகும். அதனால் உலர்ந்த உடை மாற்றி, ஜாக்கெட் போட்டு உட்காரவைத்து, தன் ஹீட்டுக்கு (ஃபைனலுக்கு முந்தைய தகுதிச் சுற்று) 25 நிமிடம் முன்பு கை சுழற்றல், பத்துப் பத்தாக இரண்டு முறை குதிப்பு, ரப்பர் பட்டை இழுப்பு என்று தரையிலேயே உடம்பைச் சூடாக்க வேண்டும்.

பந்தயத்துக்கு முன் வீரர்களைக் கூட்டும் மார்ஷலிங்கில் பெயர் அழைக்கும்போது பிள்ளை இல்லையென்றால் ஹீட் போய்விடும். ஹீட், லேன் எண்களைக் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். ஹீட்டில் வேகத்தை மிச்சம் பிடிக்கச் சொல்வது, முதல் மூன்று இடத்துக்குள் உறுதியாக இருப்பவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு ஹீட்டே ஃபைனல்.

முடிந்ததும் 10, 15 நிமிடம் மெதுவான நீச்சல். கூல்-டவுன் குளம் இல்லாத மாவட்டப் போட்டிகளில் வேகமான நடையும் கை வீச்சும். பெற்றோர் கேலரியிலிருந்து டெக்னிக் சொல்ல வேண்டாம். கோச்சும் முதலில் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஆன நேரத்தை (ஸ்ப்ளிட்) காட்டி, அடுத்த பந்தயத்துக்கு ஒரே ஒரு மாற்றம் சொல்லட்டும். இரண்டு சொன்னால் பிளாக்கில் நிற்கும்போது இரண்டும் மறந்துபோகும்.

போட்டி முடிந்த மறுநாளே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: ஒவ்வொரு நாள் தூரம், எந்த நாள் மந்தமாக இருந்தது, எத்தனை மணி நேரம் தூங்கியது, போட்டியின் முதல் நாளில் வேகமாக இருந்ததா மூன்றாம் நாளிலா. மூன்றாம் நாள்தான் நல்ல டைமிங் வந்தது என்றால் இந்தப் பிள்ளைக்கு டேப்பர் இரண்டு நாள் குறைவாகிவிட்டது. முதல் நாள் பறந்து பிறகு சரிந்தால் இரண்டு நாள் கூடிவிட்டது. அடுத்த சீசனுக்கு அந்த இரண்டு நாளை மட்டும் மாற்றுங்கள். அதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் குளமே வேண்டாம். இப்போது தெருக் கிரிக்கெட் ஆடட்டும்.